டர்ன் ஏ கன்டாம்: கியெலும் டியானாவும் இடம் மாறியதில் உண்மையில் வளர்ந்தது யார்? (கதையின் முடிவு வரை பேசுகிறோம், பார்க்காதவர்கள் கவனம்)

நிலவொளி

மனிதர் உள்ளே அமர்ந்து இயக்கும் ராட்சத இயந்திரங்களைப் பற்றிய அனிமே தொடர்களில் ஆள்மாறாட்டம் புதிதல்ல. முகமூடி போட்டவர், பெயர் மாற்றியவர், இறந்ததாக நம்பப்பட்டவர் என்று பலரைப் பார்த்திருக்கிறோம். ஆனால் ஆள்மாறாட்டத்தையே முதுகெலும்பாக வைத்து 50 அத்தியாயங்கள் நடத்தியது டர்ன் ஏ கன்டாம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். 1999 ஏப்ரல் முதல் 2000 ஏப்ரல் வரை ஜப்பானில் ஒளிபரப்பான தொடர். இயக்குநர் யோஷியுகி டொமினோ, 1979இல் முதல் கன்டாமை உருவாக்கிய அதே மனிதர்.

பார்த்து நாளானவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பூமியின் பழைய நாகரிகம் அழிந்துபோய், மக்கள் நீராவி வண்டியும் இருசிறகு விமானமும் ஓட்டும் காலத்துக்குத் திரும்பியிருக்கிறார்கள். நிலவில் வாழும் மக்கள் தங்கள் அரசி டியானா சொரெலின் தலைமையில் பூமிக்குத் திரும்பி நிலம் கேட்கிறார்கள். பேச்சுவார்த்தை முடியும் முன்பே படை இறங்கிவிடுகிறது. அந்த முதல் தாக்குதலில் சுரங்க முதலாளி ஹைம் இறக்கிறார். அவருடைய மூத்த மகள் கியெல், அரசி டியானாவுக்கு அச்சு அசலாக இருக்கிறாள். இருவரும் ஒருநாள் விளையாட்டாக உடை மாற்றிக்கொள்கிறார்கள். சண்டை மூள்கிறது, ஆளுக்கொரு பக்கம் பிரிந்துபோகிறார்கள். சுரங்க முதலாளியின் மகள் அரசியாகவும், அரசி சுரங்க முதலாளியின் மகளாகவும் வாழ வேண்டியதாகிறது.

பத்தாவது அத்தியாயத்தில் டியானா கல்லறைக்குப் போகும் காட்சியிலிருந்து தொடங்க விரும்புகிறேன். எல்லோரும் அவளைக் கியெல் என்றே நினைக்கிறார்கள். தந்தையின் கல்லறைக்கு வந்த மகள் அழுகிறாள், அதில் யாருக்கும் வியப்பில்லை. ஆனால் அங்கே அழுபவள் அந்த மனிதரைக் கொன்ற படையின் தலைவி. தன் பெயரில் நடந்த போர் எந்த வீட்டைக் குலைத்தது என்பதை அவள் அறிந்துகொள்ளும் இடம் அந்தக் கல்லறை. அரசியாகவே வந்திருந்தால் மலர் வைத்து, இரங்கல் சொல்லி, காவலர் சூழத் திரும்பியிருப்பாள். மகளாக வந்ததால் அங்கிருந்து விலக முடியவில்லை.

முதல் மாற்றம் விளையாட்டில் நடந்தது. கடைசி அத்தியாயத்தில் இருவரும் மறுபடி இடம் மாறுகிறார்கள், இந்த முறை வாழ்நாள் முழுவதற்கும், யாரும் கட்டாயப்படுத்தாமல். இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதுதான் இந்தத் தொடரின் உண்மையான கதை, போர்கள் அதற்குத் துணை என்றே நான் பார்க்கிறேன். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?

---

கரிமலை

டர்ன் ஏ எனக்கும் மிகவும் பிடித்த தொடர். ஆனால் இடமாற்றம்தான் அதன் பலவீனமான கண்ணி என்று நினைக்கிறேன். பூமியில் ஒரு சுரங்க முதலாளியின் மகளும் நிலவில் பல தலைமுறைகளாக உறைதுயிலில், அதாவது மூப்பே வராத நெடுந்தூக்கத்தில், கிடந்து கிடந்து எழும் அரசியும் ஏன் ஒரே முகத்தோடு பிறக்க வேண்டும்? அதற்கு ஒரு காரணமும் கதையில் இல்லை. உலகின் அழிந்த வரலாற்றுக்கும், புதைந்து கிடந்த இயந்திரங்களுக்கும், வெள்ளைப் பொம்மை என்று ஊரார் கும்பிட்ட சிலைக்கும் இவ்வளவு கவனமாகக் காரணம் கட்டிய எழுத்தாளர்கள், இதை மட்டும் தற்செயல் என்று விட்டுவிட்டார்கள்.

இன்னொன்று, இருவருமே நிதானமானவர்கள், நற்குணம் மிக்கவர்கள், பொறுப்பானவர்கள். எதிரெதிர் குணமுள்ள இருவர் இடம் மாறினால் உரசல் இருக்கும். ஏறக்குறைய ஒரே குணமுள்ள இருவர் மாறினால் வளர்ச்சி எங்கிருந்து வரும்?

---

நிலவொளி

முகம் ஒத்திருப்பதற்குக் காரணம் சொல்லியிருந்தால் கதை கெட்டிருக்கும் என்பேன். ஏதோ மரபணு ரகசியம், முன்னோர் உறவு என்று சொல்லியிருந்தால், கியெலுக்கு அரியணையில் ஒரு உரிமை வந்துவிடும். அவளுக்கு எந்த உரிமையும் இல்லை என்பதில்தான் அவள் செய்வதன் மதிப்பு இருக்கிறது.

குணம் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்க மாட்டேன். தொடக்கத்துக் கியெல் அப்படிப்பட்டவள் அல்லள். இதைப் பற்றி வேறு யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

---

பனங்காடு

நான் எழுதுகிறேன், ஏனென்றால் கியெலைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு.

தொடக்கத்தில் அவள் தலைநகர் நோக்ஸுக்குப் போய், பெரிய மனிதர்கள் நடுவில் தனக்கென ஓர் இடம் பிடிக்க விரும்பும் பெண். நிலப்பிரபு குவென் ரைன்ஃபோர்டின் அருகில் பணிபுரிவது அவளுக்குப் பெருமை. அதில் தவறேதும் இல்லை, அந்த வயதில் அந்த ஊரில் அதுதான் ஒரு பெண்ணுக்குத் திறந்திருந்த கதவு. அவளுடைய நிதானத்தில் ஒரு பகுதி நல்ல குடும்பத்துப் பயிற்சி, இன்னொரு பகுதி தன்னை எப்போதும் மற்றவர் பார்க்கிறார்கள் என்ற உணர்வு.

பிறகு தந்தை கொல்லப்படுகிறார். தாய் அந்த அதிர்ச்சியில் மனம் கலங்கிவிடுகிறாள். தங்கை சோஷியே போர்முனைக்குப் போகிறாள். இந்த நிலையில்தான் கியெல் எதிரியின் கப்பலுக்குள் எதிரியின் அரசியாக நிற்கிறாள். தன் தந்தையைக் கொன்ற படை ஒவ்வொரு நாளும் அவளுக்கு வணக்கம் செலுத்துகிறது. பழிவாங்க இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? ஒரு தவறான கட்டளை போதும். அவள் அதைச் செய்யவில்லை. ஆனால் அதை நற்குணம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. நிலவிலிருந்து வந்தவர்களில் படைவீரர்கள் மட்டுமா இருந்தார்கள்? குழந்தைகளோடு குடியேற வந்த சாதாரண மக்களும் இருந்தார்கள். அவர்கள் நம்பிக்கையோடு ஏறிட்டுப் பார்த்தது அவள் முகத்தை. அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லியாக வேண்டிய இடத்தில் நின்றதால்தான் அவளுடைய துக்கம் வெறுப்பாக மாறவில்லை.

நாடு நிறுவுவதை அறிவிக்கும் நாளில் கூட்டத்தின் முன் நின்று அவள் பேச வேண்டிவருகிறது. படைத் தளபதிகளுக்கு ஓர் எதிர்பார்ப்பு, மக்களுக்கு வேறு எதிர்பார்ப்பு, எழுந்து நிற்பவளோ இரண்டு தரப்பையும் சேராதவள். நோக்ஸில் பெரிய மனிதர்கள் நடுவில் இடம் தேடிய பெண்ணுக்கு எல்லாவற்றிலும் பெரிய இடம் கிடைத்தபோது, அது தன் பெயரில் கிடைக்கவில்லை. நன்றாகச் செய்தால் புகழ் டியானாவுக்கு, தவறினால் பழியும் டியானாவுக்கு. தன் பெயர் சேராத வேலையை முழு மனதோடு செய்யக் கற்றுக்கொள்கிறாள். என் பார்வையில் இந்தத் தொடரில் அதிக தூரம் நடந்தவள் அவள்தான்.

---

செந்நிழல்

டொமினோவின் பழைய படைப்புகளோடு சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். 1979இன் முதல் தொடரில் ஷார் அஸ்னபிள் யார் என்று நினைத்துப் பாருங்கள். காஸ்வல் ரெம் டெய்குன் என்று பிறந்தவன், எடுவார்ட் மாஸ் என்று வளர்ந்தவன், ஷார் என்ற பெயரில் எதிரி வீட்டின் படையிலேயே சேர்ந்து, முகமூடிக்குள் இருந்துகொண்டு பழி தீர்க்கிறான். 1985இல் வந்த சீட்டா கன்டாமில் குவாட்ரோ பஜீனா என்று நான்காவது பெயர். அதற்குப் பிறகு வரைகலைஞர் யோஷிகாசு யாசுஹிகோ வரைந்த முன்கதைக் காமிக்ஸில் இன்னும் கடுமையான ஒன்று வருகிறது. உண்மையான ஷார் அஸ்னபிள் என்ற மாணவன் வேறு ஒருவன், காஸ்வலைப் போன்ற முகம் கொண்டவன். இடம் மாறிய அந்த மாணவன் பயணம் செய்த விண்கலம் வெடிக்கிறது, அவன் பெயரை எடுத்துக்கொண்டு காஸ்வல் வாழ்கிறான்.

ஷாருக்கு ஒவ்வொரு பெயரும் ஒரு சுவர். உள்ளே இருப்பவன் அப்படியே இருக்கிறான், தந்தையை இழந்த அதே சிறுவனாக. மற்றொருவன் பெயரை எடுத்தாலும் அந்த மற்றொருவனின் வாழ்க்கையைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. கியெலும் டியானாவும் அப்படியே நேர்மாறு. இருவருமே மற்றவளின் வாழ்க்கையை அவள் திரும்பி வரும்வரை பத்திரமாகக் காத்துவைக்கிறார்கள். கியெல் டியானாவின் மக்களைக் காக்கிறாள். டியானா கியெலின் தந்தைக்காக அழுகிறாள், கியெலின் தங்கையின் கோபத்தைத் தாங்குகிறாள்.

இருபது ஆண்டுகளில் ஒரே இயக்குநர், ஒரே வித்தையை வைத்து, முற்றிலும் வேறான இடத்துக்கு வந்திருக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மரியாதை கூடுகிறது.

---

கரிமலை

குவாட்ரோவுக்கு அநியாயம் செய்கிறீர்கள். டாக்கார் நகரில் உலகத்தின் முன் தான் யாரென்று சொல்லி அவன் ஆற்றிய உரை சுவர் எழுப்புகிறவன் செய்யும் காரியமா? சீட்டாவில் அவன் இளையவர்களுக்கு வழிகாட்ட உண்மையாகவே முயல்கிறான். 1988 திரைப்படத்தில் பூமிமேல் சிறுகோளைத் தள்ள முற்படுகிறான் என்பதற்காக நடுவில் வந்த ஆண்டுகளைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. வளர்ந்தவனும் சரியலாம்.

கியெல் பற்றிப் பனங்காடு எழுதியது மிக நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வாதமே என் சந்தேகத்தைக் கூட்டுகிறது. கியெல் அவ்வளவு வளர்ந்தாள் என்றால், டியானா வளர்ந்தாளா, அல்லது தன் சுமையை இன்னொருத்தியின் தலையில் இறக்கிவைத்துவிட்டு ஓய்வு பெற்றாளா?

---

ஏரிக்கரை

டியானாவுக்கு வருவதற்கு முன் லோரன் செயாக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆள்மாறாட்டம் அவனிடமிருந்துதான் தொடங்குகிறது. பூமியை அறிந்துவர நிலவிலிருந்து முன்கூட்டி அனுப்பப்பட்ட மூன்று சிறுவர்களில் அவன் ஒருவன். ஹைம் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்து, வண்டியோட்டியாகி, பூமியின் பிள்ளையாகவே வாழ்கிறான். பிறகு குவென் அவனுக்குப் பெண்ணுடை அணிவித்து, லோரா ரோலா என்று பெயரிட்டு, அந்தச் சிலைக்குள்ளிருந்து வெளிப்பட்ட ராட்சத இயந்திரமான வெள்ளைப் பொம்மையை இயக்குபவள் ஒரு சீமாட்டி என்று விருந்தில் அறிமுகப்படுத்துகிறான். நிலவின் மகன் பூமியின் மகனாக, அதன்மேல் ஒரு பெண்ணாக. மூன்று அடுக்கு.

ஆனால் இந்த மூன்று அடுக்கில் எதுவும் அவனை மாற்றுவதில்லை. லோரா என்று அழைத்தாலும் அதே கனிவு, அதே கூச்சம். தான் நிலவிலிருந்து வந்தவன் என்று இரு படைகளும் கேட்க அவனே சொல்லும் இடம் வருகிறது. மனித உயிரை மதிக்காதவர் யாராக இருந்தாலும் எதிர்த்து நிற்பேன் என்கிறான், தன் மக்களையும் சேர்த்தே. அது ஒரு திடீர் ஞானமாக வரவில்லை. முதல் அத்தியாயத்தில் ஆற்றில் தத்தளித்த சிறுவனிடமும் அந்த மனம்தான் இருந்தது.

அதனால் லோரன் வளரவில்லை என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. சுற்றியிருக்கும் எல்லோரும் பெயரும் இடமும் மாறிக்கொண்டிருக்கும் கதையில் ஒருவனாவது மாறாமல் நின்றால்தான் மற்றவர்கள் எவ்வளவு மாறினார்கள் என்று அளக்க முடியும். உலகத்தையே மணலாக்கிய இயந்திரம் அவன் கையில் கிடைக்கிறது. அவன் அதைக்கொண்டு மாடு சுமக்கிறான், துணி துவைக்கிறான். அமெரிக்க வடிவமைப்பாளர் சிட் மீட் வரைந்த அந்த மீசைக்கார இயந்திரத்தை முதலில் பார்த்தபோது பல ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். லோரன் அதை நடத்திய விதத்தில்தான் எனக்கு அது பிடித்துப்போனது.

---

வேம்பு

யாரும் இதுவரை சொல்லாததால் சொல்கிறேன்: கியெல், டியானா இருவருக்கும் குரல் கொடுத்தவர் ஒரே நடிகை, ரியேகோ தகாஹஷி. இடம் மாறிய பிறகு அவர் செய்ய வேண்டியிருந்தது நான்கு குரல். கியெல், டியானா, டியானாவாகப் பேசும் கியெல், கியெலாகப் பேசும் டியானா. படத்தில் உதவிக்கு இருப்பது முடி அலங்காரமும் உடையும் மட்டும், அவையும் இங்கே பொய் சொல்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் டியானா கியெலாக இருக்கும்போதும் சொற்களுக்கு நடுவே ஒரு தாமதம் இருக்கும், நெடுங்காலம் தூங்கி எழுந்தவளின் தாமதம். கியெல் டியானாவாக இருக்கும்போது வாக்கியங்கள் சற்றே விறைப்பாக, பாடம் ஒப்பிப்பது போலத் தொடங்கி, போகப்போக இளகும்.

---

பனங்காடு

வேம்பு, அருமையான கவனிப்பு. அந்த இளகல்தான் ஹாரி ஓர்டையும் இழுத்திருக்க வேண்டும். அரசியின் மெய்க்காவல் தலைவன், சிவப்புக் கண்ணாடிக்குள் கண்ணை மறைத்துக்கொண்டவன். தன் அரசியின் இடத்தில் இருப்பது வேறு பெண் என்று அறிந்த பிறகும் அவன் காட்டிக்கொடுக்கவில்லை. முதலில் அது அரசியைக் காக்கும் உத்தி. போகப்போக அவன் காக்க விரும்புவது கியெலையே. ஒரே முகம், ஆனாலும் அவன் நேசித்தது அந்த முகத்தை அல்ல என்பது இதில் தெளிவாகிறது.

---

நிலவொளி

கரிமலையின் கேள்விக்கு வருகிறேன். டியானா சுமையை இறக்கிவைத்தாளா?

டியானாவின் வாழ்க்கையை அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். உறைதுயிலில் கிடந்து, தேவைப்படும்போது எழுந்து, மீண்டும் கிடந்து நூற்றாண்டுகளைக் கடந்தவள். அவள் முன்பொரு காலத்தில் பூமியில் நேசித்த வில் கேம் மண்ணாகிப்போனான். அவனுடைய வழித்தோன்றல் அதே பெயரோடு, முன்னோர் சொல்லிச் சென்ற நிலவுப் பெண்ணைத் தேடிக்கொண்டு, புதைந்த விண்கலத்தைத் தோண்டிக்கொண்டிருக்கிறான். அவளைச் சுற்றி எல்லோரும் பிறந்து, மூத்து, இறக்கிறார்கள். அவள் மட்டும் அதே வயதில் எழுகிறாள். மரணமே எட்டாத இடத்தில் இருந்துகொண்டு மக்களை ஆண்டாள் என்று சொன்னாலும் மிகையில்லை. அந்தத் தொலைவிலிருந்துதான் பூமிக்குத் திரும்பும் திட்டத்தை வகுத்தாள். நல்லெண்ணம்தான், ஆனால் அதற்கு ஒரு ஹைம் வீடு விலை கொடுத்தது.

கியெலாக வாழ்ந்தபோது அவள் சமைத்தாள், துவைத்தாள், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டாள், தங்கையின் வசவைக் கேட்டாள். அவள் யாரென்று தெரிந்த பிறகு அரசியாகவே நிலவுக்குப் போகிறாள். அங்கே தன் ஆட்சிக்குள்ளேயே மூண்ட கலகத்தை எதிர்கொள்கிறாள். போர் வெறியன் கிம் கிங்கனாம் வீழும் வரை அவள் பின்வாங்கவே இல்லை. ஓடிப்போகிறவள் செய்யும் வரிசையா இது? கடன் முழுவதையும் அடைத்த பிறகே அவள் இடத்தைக் கொடுக்கிறாள். கொடுத்ததும் உறைதுயிலையும் சேர்த்து விட்டுவிடுகிறாள். இனி மூப்பாள், கைத்தடி பிடிப்பாள், இறப்பாள். தன் மக்கள் எல்லோருக்கும் உள்ள முடிவைத் தானும் ஏற்பதை ஓய்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடைசி அத்தியாயத்தில் ஏரிக்கரை வீட்டில் லோரன் அவளை டியானா என்றே அழைக்கிறான். உலகத்துக்கு அவள் கியெல். உண்மைப் பெயரைச் சொல்லும் ஒரே ஒருவனை உடன் அழைத்துக்கொண்டுதான் அவள் வந்திருக்கிறாள்.

---

மழைப்பாறை

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாமே ஆழமான பார்வைகள். ஆனால் இங்கே ஒரு பெயர் தங்கை, தங்கையின் கோபம், தங்கையின் வசவு என்று மட்டுமே வருகிறது. சோஷியே ஹைம் என்ற முழு மனுஷியைப் பற்றி யாரும் பேசவில்லை. தொடரும் இதைத்தான் செய்கிறது, நாமும் அதையே செய்கிறோம் என்பது வருத்தமாக இருக்கிறது.

கணக்குப் பார்ப்போம். வயதுக்கு வரும் சடங்கின் இரவில் போர் தொடங்குகிறது. தந்தை இறக்கிறார். தாய் மனம் கலங்குகிறாள். சோஷியே இயந்திரம் ஓட்டக் கற்றுக்கொண்டு களத்துக்குப் போகிறாள். அக்கா பக்கத்தில் இருப்பதாக நம்பித் தன் துக்கத்தையும் ஆத்திரத்தையும் அந்த அக்காவிடமே கொட்டுகிறாள். அது அக்கா இல்லை, தந்தையைக் கொன்ற படையின் அரசி. உலகில் யாரிடம் அழக்கூடாதோ அவளிடம் அழுதிருக்கிறாள், அதுவும் அறியாமல். டியானாவின் மனம் விரிந்தது என்று நாம் பாராட்டுகிறோமே, அந்தப் பாடத்துக்குப் புத்தகமாக இருந்தவள் சோஷியே. அவளுடைய அனுமதியை யார் கேட்டார்கள்?

பிறகு கவான் கூனி. அவளை மணக்கக் கேட்டவன், அவளும் சம்மதித்தவன். புதைந்து கிடந்த அணுகுண்டு வெடித்ததில் போய்விடுகிறான். அத்தனைக்கும் பிறகு போர் முடிகிறது. அக்கா நிலவுக்குப் போகிறாள், அரசியாக. லோரன் டியானாவோடு போகிறான். நிலவிலிருந்து வந்தபோது லோரன் கொண்டுவந்த அந்தப் பொம்மை மீனை சோஷியே ஆற்றில் வீசிவிட்டு அலறுகிறாள். முதல் அத்தியாயத்தில் லோரன் மூழ்கவிருந்ததும் ஆற்றில்தான், அவனைக் கரையேற்றியதும் இந்த வீட்டுப் பெண்கள்தான்.

இடமாற்றம் இரண்டு பெண்களை வளர்த்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கியெல் தன் இரண்டாவது மாற்றத்தை விருப்பத்தோடு செய்தாள் என்கிறீர்களே, அவள் விட்டுக்கொடுத்தது தன் பெயரை மட்டுமா? ஒரு தங்கையிடமிருந்து அக்காவையும், கலங்கிய தாயிடமிருந்து மூத்த மகளையும் எடுத்துச் சென்றாள். அந்த வீட்டில் எஞ்சியவள் ஒருத்தி. அவளுக்கு மட்டும் மாறிக்கொள்ள வேறொரு வாழ்க்கை கிடைக்கவில்லை.

---

செந்நிழல்

மழைப்பாறை, இதைப் படித்தபின் என்னால் அந்தக் கடைசி அத்தியாயத்தை முன்போலப் பார்க்க முடியாது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டொமினோ அந்த அலறலை வெட்டவில்லை. மகிழ்ச்சியான முடிவு என்று இசையோடு மூடிவிட்டிருக்கலாம். யோகோ கன்னோவின் இசை அதற்குத் தாராளமாகப் போதும். அவர் அந்த அலறலை அந்த அமைதியான காட்சிகளுக்கு நடுவில் வைத்தார். சோஷியேவை மறந்துவிட்டு எழுதியவர் அப்படிச் செய்வாரா?

---

மழைப்பாறை

அவர் மறக்கவில்லை என்பதை ஏற்கிறேன். பார்க்கிற நாம்தான் மறக்கிறோம்.

---

கரிமலை

அவள் கோபம் எங்கே போயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நிலவு மக்கள் என்றாலே சுட்டுத்தள்ளத் துடித்தவள் கடைசியில் நிலவு மக்களோடு ஒரே பக்கம் நின்று கிங்கனாமை எதிர்க்கிறாள். யாருடைய பெயரும் யாருடைய உடையும் இல்லாமல், சோஷியே ஹைமாகவே அந்தத் தூரத்தைக் கடந்தாள். இழையின் தலைப்பில் இருக்கும் கேள்விக்கு என் விடை சோஷியே. கியெல் என்ற பனங்காட்டின் விடையை மறுக்கவேண்டும் என்று எனக்கில்லை, ஆனால் இதுதான் எனக்கு வலுவாகப் படுகிறது.

---

புதுக்குளம்

தொடரை இன்னும் பார்க்கவில்லை, ஆனாலும் முழுவதும் படித்துவிட்டேன். 2002இல் வந்த இரண்டு தொகுப்புத் திரைப்படங்களைப் பார்த்தால் போதுமா, அல்லது 50 அத்தியாயங்களையும் பார்க்க வேண்டுமா?

---

பனங்காடு

முழுத் தொடரையும் பாருங்கள். 50 அத்தியாயங்களை இரண்டு படங்களுக்குள் சுருக்கும்போது போர்களும் பெரிய திருப்பங்களும் எப்படியும் தங்கிவிடும். துவைக்கிற காட்சி, விருந்து, மாடு சுமப்பது, டியானா அந்த வீட்டில் வெறுமனே இருக்கும் பொழுதுகள் இவைதான் முதலில் போகும். கியெலும் டியானாவும் எத்தனை காலம் மற்றவளின் நாளை வாழ்ந்தார்கள் என்பது உங்கள் மனத்தில் ஏறினால்தான் கடைசி முடிவின் கனம் புரியும். முதல் சில அத்தியாயங்கள் மெதுவாக நகரும். கல்லறை அத்தியாயம் வரை பொறுத்திருங்கள். பார்க்கும்போது சோஷியேவின் மேல் ஒரு கண் வைத்திருங்கள், பிறகு வந்து கரிமலைக்கும் எனக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லுங்கள்.